நீலாயி கம்பு

ஊம் கொட்டுறவங்க கொட்டுங்க, தூங்குறவங்க இப்பவே தூங்கிடுங்க. பாதியில கொட்டாவி விட்டா எனக்கு ஆகாது. முன்னாடியே சொல்லிப்புடறேன், இது சிரிக்கிற கதை இல்ல.

ரொம்ப ரொம்ப முந்தி. இந்தப் பக்கம் ரோடு இல்ல, ரயிலு இல்ல, உப்பு மூட்டையெல்லாம் தோணியில ஏறிப் போன காலம். அப்ப கோடியக்கரைக்கு வடக்கால புன்னைப்புலம்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன, நாம உக்காந்திருக்கிறதே அந்த மண்ணுலதான். ஆனா அப்ப இருந்த ஊரு வேற. கெழக்கே கடலு, மேக்கே சேறு, நடுவுல ஒரு மணல் திட்டு. திட்டு மேல ஓலைக் கூரை போட்ட வூடுங்க. ஐப்பசி பொறந்தா ஊரே வானத்தைப் பாத்துக்கிட்டுத்தான் சோறு திங்குமாம். காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு மாட்டைக் கேப்பாங்களாம், காக்காயைக் கேப்பாங்களாம். மாடும் காக்காயும் என்னத்தைச் சொல்லும்?

அதனால ஊரே சேந்து திட்டு மேல ஒரு சாவடி கட்டிச்சு. செங்கல்லு, சுண்ணாம்பு, மேல தளம் போட்ட மச்சு. தளத்துக்கு ஏற வெளியில படி. வாச ஒண்ணே ஒண்ணு, கடலைப் பாத்து. காத்து வந்தா பொம்பளைங்க, புள்ளைங்க, கெழடு கட்டை எல்லாம் அதுக்குள்ள போயி ஒண்டிக்கணும். அதுதான் ஏற்பாடு.

அந்தச் சாவடிக்கு ஜன்னல் போட்டவங்க ஆசாரி வூட்டுக்காரங்க. ஜன்னல்னா இப்ப மாதிரி கண்ணாடி இல்ல. வெளிப்பக்கம் ரெட்டைப் பலகைக் கதவு. உள்பக்கம் மரக் கிராதி, அதாவது செங்குத்தா நிக்கிற கம்புங்க. கதவைச் சாத்தித் தாழ் போட்டா கதவோட முதுகு கிராதியில சாஞ்சுக்கும். காத்து வெளியிலேருந்து தள்ளினா தாங்கறது கதவு இல்ல, கிராதி. கிராதி போச்சுன்னா கதவு போச்சு, கதவு போச்சுன்னா உள்ள இருக்குற சனம் போச்சு.

அப்ப இருந்த பெரிய ஆசாரிக்கு ஒரு வழக்கம் இருந்துச்சாம். ஜன்னலுக்கு ஜன்னல் எல்லாக் கம்பையும் இறுக்கிப் போடுவாரு, ஒரே ஒரு கம்பை மட்டும் தளர விடுவாரு. அந்தக் கம்புக்கு மேல் துளை ஆழம், கீழ்த் துளை ஆழமில்ல. மேல தூக்கி இழுத்தா கையோட வந்துரும். ஏன் ஆசாரி இப்புடின்னு கேட்டா அவருக்கும் தெரியாது. எங்கப்பன் விட்டாரு, நான் விடுறேன், பூச்சி அரிச்சாக் கழட்டி மாத்த வசதிம்பாராம். அவ்வளவுதான் அவரு கண்டது.

ஒரு ஐப்பசியில காத்து வந்துச்சு. சனமெல்லாம் சாவடிக்குள்ள. கதவு மேல காத்து மோதுது, மோதுது, மோதிக்கிட்டே இருக்குது. தளர விட்ட கம்பு ஒண்ணு ஆடிச்சாம். ஆடிச்சாம், ஆடிச்சாம், துள்ளி வெளிய வந்துருச்சாம். வந்த கம்பு சும்மா விழல. நாட்டாமை சிங்காரவேலுவோட தலைச்சன் புள்ளை ஜன்னலுக்குக் கீழ உக்காந்திருந்துச்சு. அது நெஞ்சுல பாஞ்சுது. நாட்டாமை ஓடி வந்து தூக்குறதுக்குள்ள புள்ளை போயிருச்சு.

காத்து அடங்கினதும் ஊரு ஆசாரி வூட்டு முன்னாடி வந்து மண்ணை வாரித் தூத்துச்சாம். பெரிய ஆசாரி கதவைச் சாத்தினாரு. உள்ள போயிப் படுத்தவருதான், எந்திரிக்கவே இல்ல. அவரு மகன்தான் அகோரம். அகோரம் ஆசாரி. நம்ம கதை இந்த அகோரத்தோட கதை.

அப்பனைப் பொதைச்சிட்டு வந்த அகோரம் கோயில் முன்னாடி நின்னு சொன்னாராம், இனி நான் போடுற கிராதியில ஒரு கம்பு அசைஞ்சா நான் ஆசாரியே இல்லன்னு. ரோசக்காரரு. கைவேலையும் சுத்தம். அவரு இழைச்ச பலகை மேல எறும்பு வழுக்கும்னு சொல்லுவாங்க. நான் எறும்பை விட்டுப் பாக்கல, சொல்றதைச் சொல்றேன்.

வைரம் பாஞ்ச இலுப்பையா தேடி எடுத்தாரு. பழைய ஜன்னலையெல்லாம் பேத்துப் போட்டாரு. புதுசா ஒரு பூட்டு கண்டு புடிச்சாரு. கம்போட நுனியில கழுந்து இருக்கும்ல, நாக்கு மாதிரி, துளைக்குள்ள சொருகுறது, அந்தக் கழுந்தோட முனையைக் கொஞ்சம் பொளந்தாரு. பொளந்த வாயில ஒரு சின்ன ஆப்பை வச்சாரு. துளையை வாயில குறுகலா, உள்ள போகப் போக அகலமாக் குடைஞ்சாரு. இப்ப கம்பை வச்சு மேலேருந்து கொட்டாப்புளியால அடிச்சா என்ன ஆகும்? துளையோட அடியில ஆப்பு முட்டும், முட்டினதும் கழுந்துக்குள்ள ஏறும், ஏறினதும் கழுந்து உள்ளேயே விரிஞ்சுக்கும். விரிஞ்ச கழுந்து குறுகின வாய் வழியா எப்புடித் திரும்பி வரும்? வராது. அடிச்ச கையே வந்து கெஞ்சினாலும் வராது. மேல் சட்டத்தையும் இதே மாதிரி கம்புங்க தலையில எறக்கிப் பூட்டினாரு. மழை பெஞ்சு மரம் ஊறினா இன்னும் இறுகுமே தவிர எளகாது.

எல்லாக் கம்பும் போட்டு முடிச்சு, மேக்கு ஜன்னல்ல கடைசிக் கம்பு. அதுக்கு மட்டும் அவரு கை ஆப்பு செதுக்கல. கீழ்த் துளையையும் ஆழமாக் குடையல. பரம்பரைக் கை அது, அதுபாட்டுக்கு அப்பன் செஞ்சதைச் செஞ்சுருச்சு. நாட்டாமை சிங்காரவேலு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாராம். கம்பைப் புடிச்சு ஆட்டினாரு. ஆடிச்சு.

"இது என்ன ஆசாரி?"

"கைப் பழக்கம் நாட்டாமை."

"இந்தப் பழக்கம்தான் எம்புள்ளையை எடுத்துச்சு."

அகோரத்துக்கு மூஞ்சி செத்துப் போச்சு. கம்பைக் கழட்டினாரு. துளையைக் குடைஞ்சாரு, ஆப்பை வச்சாரு, ஓங்கி அடிச்சாரு. கம்பு உக்காந்துருச்சு.

அப்புறம் சோதனை. உப்பு மூட்டை தூக்குற ஆளுங்க வந்து காலால ஒதைச்சாங்க, கால்தான் வீங்கிச்சு. வடத்தைக் கட்டி மாட்டை விட்டு இழுத்தாங்க. வடம் அறுந்துச்சாம், கம்பு அசையல. ஊரு கைகொட்டிச் சிரிச்சுது. மண்ணை வாரித் தூத்துன அதே ஊரு அகோரத்துக்கு மாலை போட்டு, கோயில்ல மொதல் வெத்தலை குடுத்துச்சு. அவரு சம்சாரம் நீலாயிக்குப் பூரிப்பு தாங்கல. எம்மாமனாரு பேரு மேல கெடந்த மண்ணு கழுவிப் போச்சுன்னு அழுதுகிட்டே சிரிச்சாளாம். அகோரம் அன்னைலேருந்து வூடு வூடாப் போனாரு. எங்க வூட்டுக்கும் அது மாதிரி போடு, எங்க வூட்டுக்கும் போடுன்னு எல்லாரும் கேட்டாங்க. போட்டாரு. புன்னைப்புலத்துல ஒரு வூடு பாக்கி இல்ல, ஆடுற கம்புன்னு ஒண்ணு இல்ல.

வருசம் ஓடிச்சு. அகோரத்துக்கும் நீலாயிக்கும் ஒத்தைப் பொண்ணு, செங்கமலம். ஒல்லிக் குச்சி. நெட்டுக்குத்தா வளந்து நிக்கும், ஒடம்புல சதை இருக்காது. நீலாயி அதுக்கு எதிர்மாறு, நல்ல கனத்த ஒடம்பு. அகோரம் கேலி பண்ணுவாராம், ரெண்டு பேரையும் சேத்து ரெண்டாப் பங்கு போட்டா சரியா இருக்கும்னு.

ஒரு கார்த்திகை. காலையிலேயே வானம் செம்பு நெறமாச் சிவந்து கெடந்துச்சாம். பறவை ஒண்ணு இல்ல. சங்கு ஊதினாங்க. பொம்பளைங்க புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு, கெழவனுங்களைக் கையில புடிச்சுக்கிட்டு சாவடிக்குள்ள போனாங்க. அவலும் வெல்லமும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஆம்பளைங்க மாட்டை அவுத்து விட, தோணியை இழுத்துக் கட்ட வெளிய நின்னாங்க. அகோரமும் நின்னாரு, இடுப்புல மரம் செதுக்குற வாய்ச்சியைச் சொருகிக்கிட்டு. ஆசாரி எங்க போனாலும் வாய்ச்சி இடுப்புல இருக்கும்.

வந்துச்சு பாருங்க காத்து. பனை ஒடிஞ்சுது, கூரை பறந்துச்சு. சாவடி ஜன்னல் மட்டும் முணுக்குன்னுகூடச் சொல்லல. உள்ள புள்ளைங்க அவல் தின்னுச்சுங்களாம். பொம்பளைங்க, ஆசாரி கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்டின்னு பேசிக்கிட்டாங்களாம். நீலாயி அதைக் கேட்டுக்கிட்டே செங்கமலத்துக்கு அவல் அள்ளிக் குடுத்தாளாம். மனசு குளுந்திருக்கும், பாவம்.

காத்து நின்னுச்சு. திடீர்னு நின்னுச்சு. அப்புறம் மறுபக்கம் திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை தனியா வரல, கடலைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு.

தண்ணி திட்டு மேல ஏறினதை இந்த ஊருல அதுக்கு முன்னாடி எவனும் பாத்ததில்ல. காத்துக்குச் சாவடி கட்டினாங்களே தவிர தண்ணிக்குக் கட்டலியே. ஆம்பளைங்க நீந்தியும் பொரண்டும் சாவடித் தளத்துல ஏறினாங்க. கட்டியிருந்த உப்புத் தோணி ஒண்ணு அவுந்து வந்து சாவடி வாசல்ல குத்திச்சு. பாரத்தோட வந்த தோணி. மூக்கு வாசலுக்குள்ள, ஒடம்பு வெளிய, சுத்திலும் சேறும் ஒடிஞ்ச பனையும் அடைச்சுக்கிச்சு. தண்ணி சந்து வழியா உள்ள போகுது, ஆளு வெளிய வர வழியில்ல. மேல மச்சு. இருந்தது ஜன்னல் ஒண்ணுதான்.

கீழேருந்து கூக்குரல் தளத்துக்குக் கேட்டுச்சு. அகோரம் இடுப்புல கயித்தைக் கட்டினாரு. மறு முனையை நாட்டாமை சிங்காரவேலு தன் ஒடம்புல சுத்திக்கிட்டாரு. அகோரம் மேக்கு ஜன்னலுக்கு எறங்கினாரு. தண்ணி ஜன்னல் இடுப்புக்கு வந்தாச்சு. கதவை ஓங்கித் தட்டினாரு.

"யாரு வெளிய?"

நீலாயி குரலு. நாந்தான்னு சொன்னா எந்த நான்னு தெரியாத இரைச்சல். அதனால பேரைச் சொன்னாராம்.

"அகோரம் நிக்கிறேன்."

உள்ளேருந்து தாழைத் தூக்கினா. கதவு தெறந்துச்சு. கிராதிக்குப் பின்னாடி முழுக்கக் கை. கை, கை, கையாத்தான் தெரிஞ்சுதாம். நெஞ்சு வரைக்கும் தண்ணி, தலைக்கு மேல தூக்கிப் புடிச்ச புள்ளைங்க. முன்னாடி நீலாயி, அவ பக்கத்துல செங்கமலம்.

அகோரம் மொதல்ல கம்போட அடியைத்தான் கொத்தினாராம். எந்த ஆசாரியும் பூட்டைத்தான் மொதல்ல பாப்பான். ரெண்டு கொத்துக் கொத்தின ஒடனே அவருக்குப் புரிஞ்சு போச்சு. போட்டது யாரு? அவரு. வராதுன்னு ஊருக்கே காட்டினது யாரு? அவருதான். பூட்டை விட்டுட்டு கம்பு நடுவுல வெட்ட ஆரம்பிச்சாரு. வைரம் பாஞ்ச இலுப்பை, தண்ணியில ஊறிப்போயிக் கெடக்கு. கயித்துல தொங்கிக்கிட்டு, அலை வந்து வந்து அடிக்க, எட்டின மட்டும் வெட்டுறாரு. வாய்ச்சி வழுக்குது. வெட்டுறாரு. சிலாம்பு சிலாம்பா வருது. வெட்டுறாரு.

ஒரு கம்பு அறுந்துச்சு. ஒடைச்சு வளைச்சுத் தள்ளினாரு. இந்த அகலம் சந்து. புள்ளைங்க போகும், பெரியவங்க போக மாட்டாங்க.

செங்கமலத்தைக் குடுன்னாராம். நீலாயி காதுல விழுந்துச்சா விழலையா தெரியல. பின்னாடியிருந்து வந்த கைப்புள்ளையை எடுத்துக் குடுத்தா. அகோரம் வாங்கி மேல ஏத்தினாரு. அடுத்தது வந்துச்சு, அதையும் குடுத்தா. செங்கமலம்னு திரும்பக் கேட்டாரு. அவ இன்னொருத்தி புள்ளையைக் குடுத்தா. புள்ளைங்க தீர்ற வரைக்கும் தன் புள்ளையைக் குடுக்கவே இல்ல அந்த மகராசி. நான் இருந்தா அப்புடிச் செஞ்சிருப்பேனான்னு கேட்டா, மாட்டேன். உள்ளதைச் சொல்றேன்.

கடைசியாத்தான் செங்கமலத்தைப் புடிச்சுத் தள்ளினா. காதெல்லாம் கிழிஞ்சு, தோள்பட்டைத் தோலு உரிஞ்சு, அந்த ஒல்லிக் குச்சி வெளிய வந்துச்சு. மேல தூக்கிட்டாங்க.

தண்ணி இப்ப நீலாயி தாவாங்கட்டைக்கு வந்தாச்சு. அகோரம் அடுத்த கம்பை வெட்ட ஓங்கினாரு. ஒரு அலை. வாய்ச்சி கையை விட்டுப் போச்சு. போனது போனதுதான். வெறுங்கையால கம்பைப் புடிச்சு இழுக்கிறாரு. காலைச் சுவத்துல உந்திக்கிட்டு இழுக்கிறாரு. மேலேருந்து சிங்காரவேலு வடத்தை எறக்கி விட்டாரு, அதைக் கட்டி எல்லாரும் சேந்து இழுத்தாங்க. மாடு இழுத்தே வராத கம்பு.

நீலாயி கிராதியைப் புடிச்சிருந்த கையை எடுத்து அவரு கை மேல வச்சாளாம்.

"போதும், விடுங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னா. இது வசவா, வாழ்த்தா? ஊருல ரெண்டு விதமாவும் சொல்லுவாங்க. எனக்குத் தெரியல. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியல. அடுத்த அலை ஜன்னலை மூடிச்சு. அலை போனப்ப கை இல்ல. யாரு கையும் இல்ல.

தண்ணி வடிஞ்சதும் தோணியை ஒடைச்சுத்தான் உள்ள போனாங்க. உள்ள எத்தனை பேருன்னு ஊரு எண்ணல. எண்ண மனசு வரல. திட்டுக்கு மேக்கால ஒரே குழியா வெட்டினாங்க. ஜன்னல் மட்டும் அறுந்த ஒரு கம்பைத் தவிர அப்புடியே நின்னுச்சாம்.

அகோரம் நாட்டாமை முன்னாடி வந்து நின்னாரு. எனக்கு என்ன தண்டனையோ அதைக் குடுங்கன்னாரு. அப்ப சிங்காரவேலு சொன்னது இது.

"ஆடுன கம்பை அடிச்சு இறுக்குன்னு சொன்னவன் நான். ஒன்னைத் தண்டிச்சா என்னை யாருய்யா தண்டிக்கிறது?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. இங்க ரெண்டும் எல்லார் தலையிலயும் ஒக்காந்துக்கிச்சு. ஊரு அகோரத்தை ஏசியிருந்தா அவரு தாங்கியிருப்பாரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதைத்தான் அவரால தாங்க முடியல. உளியைத் தொடல, வேலைக்குப் போகல, உப்பளக் கரையில குடிசை போட்டுக்கிட்டு தனியாக் கெடந்தாரு. செங்கமலத்தை நீலாயியோட தங்கச்சி கொண்டு போயி வளத்தா. அந்தப் பொண்ணு அப்பங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எதிர்ல வந்தா வழி மாறிப் போயிரும். வருசக்கணக்கா இப்புடியே.

செங்கமலம் வயசுக்கு வந்து, கல்யாணம் ஆகி, இதே ஊருலதான் புது வூடு. புருசனும் ஆசாரி. அவன் அகோரம் கண்டு புடிச்ச பூட்டுலதான் ஜன்னல் போட்டிருந்தான். காத்து வருசா வருசம் வரும், ஊருலயே கெட்டியான பூட்டு அதுதானே, வேற என்ன போடுவான்? மடியில தலைச்சன் புள்ளை.

ஒரு நாளு காலையில சன்னமா ஒரு சத்தம். செங்கமலம் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே எட்டிப் பாத்தா. ஜன்னல் வெளிப்பக்கம் அப்பன் நிக்கிறாரு. தாடி வளந்து, எலும்பா. எவன் உளியோ, இரவல் வாங்கிட்டு வந்திருக்காரு. கேக்கல, சொல்லல, அவரு பாட்டுக்கு ஒரு கம்பைச் சுத்தி மரத்தைச் செதுக்குறாரு. பிரிக்க முடியாத பூட்டு, அதனால கழுந்தையே குடைஞ்சு குடைஞ்சு எடுத்தாரு. வெயில் ஏறி, சாஞ்சு, அந்தி வந்துருச்சு. இவளும் போங்கன்னு சொல்லல, வாங்கன்னும் சொல்லல. கடைசியா ஒரு புதுக் கம்பைச் செதுக்கி, மேல் துளை ஆழமா, கீழ்த் துளை ஆழமில்லாம, அவங்கப்பன் போட்ட மாதிரி சொருகி வச்சாரு. வச்சிட்டு நின்னாரு. போறதா இருக்குறதான்னு தெரியாம சும்மா நின்னாரு.

செங்கமலம் எந்திரிச்சு வந்தா. ஒத்தைக் கையால அந்தக் கம்பைப் புடிச்சுத் தூக்கினா. வந்துருச்சு. பச்சை ஒடம்புக்காரி, ஒத்தைக் கையால தூக்கினதுக்கு வந்துருச்சு.

எதிர்ல அப்பன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சும் கேட்டா.

"யாரு வெளிய?"

அந்த மனுசன் உளியைக் கீழ வச்சாரு. அப்பான்னு சொல்ல வாய் வரல. அந்த வார்த்தைதான் வந்துச்சு.

"அகோரம் நிக்கிறேன்."

அவ புள்ளையை அந்தச் சந்து வழியா வெளிய நீட்டினா. அவரு ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டாரு. வாங்கி மாரோட அணைச்சுக்கிட்டு, வாசலைச் சுத்தி உள்ள வந்தாரு. அவ எலை போட்டுச் சோறு வச்சா.

அதுக்கப்புறம் அவரு சாகுற வரைக்கும் வூடு வூடாப் போயி ஒரே வேலைதான் பாத்தாரு. ஜன்னலுக்கு ஒரு கம்பைத் தளத்தினாரு. அந்த வூட்டுலயே நோஞ்சான் பொம்பளை எவளோ அவளைக் கூப்புட்டு எடுக்கச் சொல்லுவாராம். அவளால முடியலன்னா திரும்பச் செதுக்குவாராம். அந்தக் கம்புக்கு நீலாயி கம்புன்னு பேரு வந்துச்சு.

இன்னைக்கும் புன்னைப்புலத்துல புது வூடு குடிபோனா, பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி அந்த வூட்டுப் பொம்பளை நீலாயி கம்பை எடுத்துட்டு, யாரு வெளியன்னு கேக்கணும். ஜன்னல் போட்டவன் வெளிய நின்னு பதில் சொல்லி, புள்ளையைக் கையில வாங்கி, வாசல் வழியா உள்ள கொண்டாந்து குடுக்கணும். அது வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டோம். இப்ப மரம் எங்க இருக்கு, எல்லாம் இரும்பு கிரில்லு. போன மாசம் ஒரு வூட்டுக்கு கிரில் போட நாகூர்லேருந்து வெல்டிங் பட்டறைக்காரரு வந்தாரு, ஜபருல்லான்னு பேரு. ஒரு கம்பை மட்டும் கழட்டுற மாதிரி வைக்கணும்னதும், திருடன் வந்துருவானேன்னாரு. வந்தா வரட்டும்னோம். குடிபோற அன்னைக்கு அவரையே வெளிய நிக்க வச்சோம். என்ன சொல்லணும்னு கேட்டாரு, இந்தக் கதையைச் சொல்லி, பதிலையும் சொல்லிக் குடுத்தோம். உள்ளேருந்து அந்தப் பொண்ணு கம்பை எடுத்துட்டு யாரு வெளியன்னு கேட்டுச்சு. மனுசன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டி, அகோரம் நிக்கிறேன்னாரு.